சுவரில் ஆறு படம்

டி.சி. வாங்கிட்டுப் போகட்டும். நெய்வேலியிலேருந்து வந்தவன் நெய்வேலிக்கே போகட்டும், இல்லைன்னா எந்நேரமும் பொம்மைப் புத்தகத்துல படிக்கானே அந்த ஜப்பானுக்கே போகட்டும், எனக்கென்ன வந்துச்சு. தங்கதுரை சார் போர்டுல பென்சீன் வளையம் போடுதாரு, ஆறு மூலை, ஆறு கோடு. ஆறுன்னு கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஆறு படம்ல வரைஞ்சு ஒட்டினான், கோட்டிக்காரப் பய. பசங்க பக்கம் மூணாவது பெஞ்சுல ஓரம் காலியாக் கெடக்கு. பிரேயர் முடிஞ்ச கையோட வைஸ் பிரின்சிபல் கிறிஸ்டபெல் மிஸ், அதான் எங்க வி.பி. மிஸ், ஆள் விட்டுக் கூட்டிட்டுப் போனவனை இன்னும் விடல, மத்தியான பெல்லு அடிக்கப் போகுது. ரூமுக்கு வெளியே கையைக் கட்டிக்கிட்டு நிக்கான்னு மாரிச்செல்வி சொன்னா, தண்ணி பிடிக்கப் போனவ பாத்தாளாம். "ஏட்டி ஹெப்சிபா, பாவமா இருக்குட்டி, காதெல்லாம் செவந்து போய் நிக்கான்." பாவமாம்ல. அப்ப நீயும் போய்ப் பக்கத்துல நில்லுட்டின்னுட்டேன். எனக்கு அந்தக் காலி இடத்தைப் பாக்கப் பாக்க வயிறு குளுந்து வருது. இன்னைக்கு விடியுமுன்னாடியே அம்மாகிட்டச் சொல்லிட்டேன், நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வச்சுக் குடுன்னு. ஜூன் மாசத்துக்கப்புறம் நான் ஸ்கூலுக்குக் கருவாடே கொண்டு வரல. லெமன் சாதம், தயிர் சாதம், மறுபடி லெமன் சாதம், நாக்கு செத்துப் போச்சு. அம்மா தூத்துக்குடி மார்க்கெட்டுல கருவாட்டுக்கடை வச்சிருக்கா, மக தயிர் சாதம் தின்னுதா, இந்த அநியாயம் எங்கயாவது உண்டா. இன்னைக்கு பெல் அடிச்சதும் டிபன் மூடியை நல்லா அகலத் திறப்பேன். அவன் பையைத் தூக்கிக்கிட்டு கேட்டைத் தாண்டுற நேரம் நான் இங்க கருவாட்டைக் கடிச்சுக்கிட்டு இருக்கணும்.

போன வெள்ளிக்கிழமை எக்ஸிபிஷன். எல்லாரும் எரிமலை, நுரையீரல், தெர்மாகோல்ல கலங்கரை விளக்கம்னு செஞ்சு வச்சிருக்காங்க. இவன் மட்டும் கெமிஸ்ட்ரி லேபுக்கும் பொம்பளப் பிள்ளைக பாத்ரூமுக்கும் நடுவுல இருக்கிற சுவர்ல வரிசையா ஆறு பெரிய தாளு ஒட்டியிருக்கான். கருப்பு மை. ஒரு வார்த்தை கெடையாது, படம் மட்டும்தான். கீழ ஒரு சின்ன அட்டையில, ஜப்பான் காமிக்ஸ், பள்ளிக்கூடத்து நகைச்சுவைக் கதை, வரைந்தவர் பதினொன்றாம் வகுப்பு எழில்மாறன். நான் படியேறி லேப் பக்கமா வந்தவ, சும்மா நின்னேன். முதல் படம், ஒரு பய, முள்ளு முள்ளா முடி, சட்டையெல்லாம் கறை, கையைப் பின்கழுத்துல, பொடதியில வச்சுக்கிட்டுப் பல்லைக் காட்டுதான். ரெண்டாவது, ஒருத்தி சிரிக்கா. பாவாடை சட்டையெல்லாம் ஜப்பான் யூனிஃபார்ம், ஆனா ரெட்டை ஜடையை மடிச்சு ரிப்பன் கட்டியிருக்கா, இடது புருவத்துல வெட்டு. எனக்குத் திக்குன்னுச்சு. அந்த வெட்டு என் வெட்டுல்லா, மூணாப்புல சைக்கிள்லேருந்து விழுந்தது. சிரிக்கிறவ இமையில தண்ணி வேற நிக்கி, சிரிக்கிறதுக்கும் அழுறதுக்கும் வித்தியாசம் தெரியாம வரைஞ்சிருக்கு, வரையத் தெரியாத மூதி. மூணாவது, தாளு பூரா சோறு பறக்குது. நாலாவது, அந்தப் பய கையை முறுக்கிக்கிட்டு முறைக்கான். அஞ்சாவது, கிளாஸ் மொத்தமும் மூக்கைப் பொத்திக்கிட்டு வாயைப் பிளந்து சிரிக்குது. ஆறாவது, அவ. நான். டிபன் டப்பாவைத் திறந்து வச்சுக்கிட்டு டெஸ்குல தலையைக் கவுத்து அழுதேன், தோள் குலுங்குறதுக்குக் கூட ரெண்டு கோடு இழுத்திருக்கான். முடிஞ்சுது கதை. பல்லைக் காட்டி ஒருத்தியை மயக்கிச் சிரிக்க வச்சு, சோத்தை வீசி, ஊரைக் கூட்டி மூக்கைப் பொத்த வச்சு, கடைசியில அழ விட்டுட்டான். இதுல நகைச்சுவைக் கதையாம். அதுவும் தலைப்பைக் கொண்டு போய்க் கடைசிப் படத்துக்கு மேல வச்சிருக்கான் தலைகீழா யோசிக்கிறவன், 'அத்தியாயம் ஒன்று: முதல் நாள்'. அதுக்குக் கீழ ஒரு அம்புக்குறி, நான் வந்த பக்கம் பாத்து. வந்த வழியே ஓடிப் போயிருட்டின்னு எனக்கே சொல்லுதான். அத்தியாயம் ஒன்றாம்! அப்ப ரெண்டு, மூணுன்னு இன்னும் வரும். மாசா மாசம் என்னைச் சுவர்ல ஒட்டி அழ வைக்கப் போறான். அங்கயே முடிவு பண்ணிட்டேன், ரெண்டாவது அத்தியாயத்துக்கு இவன் இந்த ஸ்கூல்ல இருக்கக் கூடாது.

சார் இரட்டைப் பிணைப்புங்காரு, நோட்டுல எழுதுதேன், கை எழுதுது, மனசு அந்த ஜூன் மாசத்துக்கே போகுது. எதுக்குப் போகுதோ சவம், போகாதேன்னாலும் போகுது. அவன் புதுசா வந்த அன்னைக்குத்தான் அதுவும் நடந்துச்சு. மத்தியானம் டப்பாவைத் திறந்தேன், சாளைக் கருவாடு பொரிச்சு வச்சிருந்தா அம்மா. கடைசி பெஞ்சு செல்வின் இருக்கானே, அவன் ஆரம்பிச்சான், உவ்வேன்னு. அவன் வீட்டுல கருவாடு திங்காத மாதிரி. ஞாயித்துக்கிழமை அவங்க அம்மா எங்க கடையிலதான் பேரம் பேசிக்கிட்டு நிக்கும். ஒருத்தன் மூக்கைப் பொத்துனா எல்லாரும் பொத்துதாங்க, பொம்பளப் பிள்ளைகளும்தான், மாரிச்செல்வி கூட கர்சீப்பை எடுத்தா, மறக்க மாட்டேன். நான் அழுற ஆளே இல்ல. எட்டாப்புல பி.டி. சார் பிரம்பு முறியற வரைக்கும் அடிச்சப்ப கூட அவரு மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னேன். அன்னைக்கு என்னமோ, அம்மா விடியக்காலம் எந்திரிச்சுப் பொரிச்சது, அதைப் போய் இப்படிப் பண்ணுதாங்களேன்னு அழுகை வந்துட்டு. கவுந்துட்டேன். எவ்வளவு நேரம் கவுந்து கெடந்தேன்னு தெரியல, திடீர்னு டமார்னு ஒரு சத்தம், சிரிப்பு அந்தப் பக்கமாத் திரும்பிருச்சு. எட்டிப் பாத்தா புதுப்பய நிக்கான், டிபன் கேரியரோட சாம்பார் சாதம் பூரா அவன் மேலயே கொட்டிக் கெடக்கு, காதுல ஒரு முருங்கைக்காய் தொங்குது. ஏல, முதல் நாளே சாம்பார்ல குளிச்சுட்டான்டான்னு செல்வின் கத்துதான். எனக்கே சிரிப்பு வந்துட்டு. அழுதுக்கிட்டு இருந்தவ சிரிச்சுட்டேன், அந்த அளவுக்குக் கோமாளியா நின்னான். அன்னையிலேருந்து என் கருவாட்டை எல்லாரும் மறந்துட்டாங்க, நானும் மறக்கப் பாத்தேன். இவன் ஒருத்தன்தான் மறக்காம பத்திரமா வச்சிருந்து, மையைத் தொட்டு வரைஞ்சு, ஸ்கூலுக்கே விருந்து வச்சிருக்கான். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள செல்வின் எனக்குப் பேரு வச்சாச்சு, அழுமூஞ்சிக் கருவாடு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்தப் பேரு என் கூடவே வந்துச்சு.

ஏன்ல இப்படி வரைஞ்சன்னு நேருக்கு நேரா கேட்டிருப்பேன். எங்க கேக்க. இந்த ஸ்கூல்ல பையனும் பொண்ணும் பேசினா ஃபைன், சிரிச்சா பேரன்ட்ஸ், லவ்வுன்னா டி.சி. ஏறுற படி வேற, இறங்குற படி வேற, கெமிஸ்ட்ரி லேபுல கூட அவங்களுக்கு ஒரு நாளு நமக்கு ஒரு நாளு. வந்து இத்தனை மாசத்துல அவன் குரல் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது, அட்டெண்டன்ஸுக்கு எஸ் சார்ங்கிறதோட சரி. அதனால சனி ஞாயிறு பூரா யோசிச்சேன். கடையில அம்மாவுக்குக் கருவாடு தரம் பிரிச்சுக் குடுத்துக்கிட்டே யோசிச்சேன், உடைஞ்சது இந்தப் பக்கம், முழுசு அந்தப் பக்கம், எழில்மாறன் எந்தப் பக்கமும் இல்லாம குப்பையில. இன்னைக்குக் காலையில நேரா வி.பி. மிஸ் ரூமு. மிஸ், என்னைக் கேலி பண்ணி வரைஞ்சு ஒட்டியிருக்கான் மிஸ். கிறிஸ்டபெல் மிஸ் அப்பவே எந்திரிச்சுப் போய் ஆறையும் சுவர்லேருந்து உரிச்சுட்டு வந்தாங்க. மேசையில வச்சுப் பாத்துட்டு கண்ணாடியைக் கழட்டினாங்க. "ஹெப்சிபா, கேலி மட்டும்தானா, இல்ல வேற எதுவும் இருக்கா? கேலின்னா மன்னிப்பு கேக்க வச்சு விட்டுரலாம். வேற மாதிரின்னா நான் விட மாட்டேன். அவங்க அப்பா வரட்டும், நீ யோசிச்சுச் சொல்லு." யோசிச்சுட்டேன் மிஸ். மன்னிப்பு எந்த மூலைக்கு. மன்னிப்பு கேட்டுட்டு மறுநாள் அதே பெஞ்சுல உக்காந்து ரெண்டாவது அத்தியாயம் வரைவான். போன வருஷம் பிளஸ் டூ அண்ணன் ஒருத்தன் கிரீட்டிங் கார்டு குடுத்தான்னு மத்தியானத்துக்குள்ள டி.சி.யைக் கிழிச்சுக் கையில குடுத்தாங்க. ஒரு வார்த்தைதான் வேணும். மிஸ், அவன் லவ் பண்ணுதான் மிஸ், அதான் வரைஞ்சான். பொய்யின்னா பொய்யாவே இருக்கட்டும். அவன் வரைஞ்சது மட்டும் நிஜமா? சொல்லும்போது கொஞ்சம் தலையைக் குனிஞ்சுக்கணும், குரல் நடுங்கினா இன்னும் நல்லது. அவங்க அப்பா மூஞ்சி சுருங்குறதைப் பாக்கணும். எல்லாரும் என் மூஞ்சியைப் பாத்தாச்சுல்லா, இனி அவங்க பாடு.

வாசல்ல ஆயா நிக்கி. "சார், எழில்மாறன் பையை வி.பி. மிஸ் கேட்டாங்க. அந்தப் பிள்ளை ஹெப்சிபாவையும் வரச் சொன்னாங்க." பை கேட்டாச்சு! பை கேட்டாலே ஆளு வீட்டுக்குன்னு அர்த்தம். நானே எந்திரிச்சேன், நானே எடுத்துட்டுப் போறேன் சார்னுட்டேன். பின்னாடி செல்வின், ஏ அழுமூஞ்சி, பைய போன்னு முணுமுணுக்கான், ஒனக்கும் ஒரு நாள் இருக்குல. ஆயா முன்னால போயிட்டு. நான் படி திருப்பத்துல நின்னேன். ஒரு யோசனை. லவ்வுன்னு வாயால சொன்னா மட்டும் போதுமா, பைக்குள்ள ஏதாவது கெடைக்காமலா போகும், என்னை இன்னொரு படம் வரைஞ்சு வச்சிருந்தான்னா அதோட முடிஞ்சான். ஜிப்பைத் திறந்தேன். காலி டிபன் டப்பா மாதிரி அவ்வளவு சுத்தமா இருக்கு பை. மை பாட்டில், ரெண்டு பேனா, ஒரு ஜப்பான் புத்தகம், இங்கிலீஷ்ல போட்டது. இதுலதான் படிச்சுக் கெட்டுப் போயிருப்பான்னு அட்டையைத் திறந்தேன். கதை இல்ல. முதல் பக்கத்துலயே பெருசா ஒரு பொம்மை, கையை நீட்டி மறிக்குது. கீழ இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. நில்லுங்க, நீங்க தப்பான பக்கத்துலேருந்து திறந்துட்டீங்க, இது கதையோட முடிவு, ஜப்பான் கதைகளை வலப்பக்கத்துலேருந்து இடப்பக்கமாப் படிக்கணும். பக்கத்துல குட்டிக் குட்டிக் கட்டம் போட்டு நம்பரும் அம்புக்குறியும். அம்புக்குறி. இடது பக்கம் பாத்த அம்புக்குறி. தலைப்பு பாத்ரூம் பக்கம் இருந்துச்சே. அத்தியாயம் ஒன்று அங்கதான் இருந்துச்சே. ஐயோ. நான் படிக்கட்டுல உக்காந்துட்டேன். அந்தப் பக்கத்துலேருந்து வா ஹெப்சிபா. முதல் படம், நான் அழுதேன். ரெண்டாவது, எல்லாரும் மூக்கைப் பொத்திச் சிரிக்காங்க. மூணாவது, அவன் கையை முறுக்கிக்கிட்டு முறைக்கான், யாரை, அவங்களை. நாலாவது, சோறு பறக்குது. யார் சோறு? அவன் சோறு. சாம்பார் சாதம். அஞ்சாவது, நான் சிரிக்கேன், இமையில தண்ணி காயாமலே சிரிக்கேன். ஆறாவது, அவன் சட்டையெல்லாம் கறையோட கையைப் பொடதியில வச்சு நிக்கான், சந்தோஷமா. சட்டைக் கறை. காதுல முருங்கைக்காய். கை தவறி விழல. அவனேதான் கொட்டிக்கிட்டான். வந்த முதல் நாளே, யாருன்னே தெரியாத ஒருத்தி அழுறதைப் பாத்துட்டு, தின்ன வேண்டிய சோத்தைத் தன் தலையில தானே கொட்டிக்கிட்டான். அன்னைக்கு அவன் மத்தியானம் என்ன தின்னான்? நான் அதைக் கூட யோசிக்கல, நான் சிரிச்சுக்கிட்டுல இருந்தேன்.

போய் உண்மையைச் சொல்லிரணும்னுதான் ஓடினேன். ரெண்டு படி இறங்கினதும் கால் நின்னுட்டு. எதைச் சொல்லுவ? மிஸ், நீங்க தப்பான பக்கத்துலேருந்து படிச்சுட்டீங்க, சரியாப் படிச்சா அவன் எனக்காகச் சோத்தைக் கொட்டிக்கிட்டான், அதை ஆறு தாளுல வரைஞ்சான், என் புருவத்து வெட்டைக் கூட மறக்காம வரைஞ்சான்னா? அதுக்கு இந்த ஸ்கூல்ல ஒரே ஒரு பேருதான் உண்டு, அந்தப் பேருக்கு டி.சி.தான். உள்ள போனேன். மேசை மேல ஆறு தாளும் வரிசையாக் கெடக்கு, மிஸ் விரலு இடப்பக்கத்துலேருந்துதான் ஓடுது. அவங்க அப்பா தெர்மல் பவர் ஸ்டேஷன் யூனிஃபார்மோட, தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு நிக்காரு, உக்காரச் சொல்லியும் உக்காரல போல, பக்கத்துல எழில்மாறன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கான். என்னைப் பாத்ததும், "பாப்பா, இவன் தப்பா எதுனா வரைஞ்சிருந்தா மன்னிச்சுக்கம்மா. வூட்ல பொட்டப் புள்ளைங்க இல்ல, எப்படி நடந்துக்கணும்னு தெரியாது"ன்னாரு. அந்த மூஞ்சி சுருங்குறதைத்தான் பாக்கணும்னு இருந்தேன். பாத்தேன். மிஸ் கேக்காங்க, "தைரியமாச் சொல்லு ஹெப்சிபா. கேலியா, வேற மாதிரியா?" "கேலி மிஸ். கேலி மட்டும்தான். என்னை அழுமூஞ்சின்னு வரைஞ்சிருக்கான்." குரல் நடுங்கினா நல்லதுன்னு நினைச்சேன்ல, கேக்காமலே நடுங்குச்சு. அவன் நிமிந்தான். நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு அவனுக்கு இப்பதான் தெரியுது, அவன் மூஞ்சியிலயே தெரியுது. வாயைத் திறந்துட்டான். "மிஸ், அது அப்பிடிப் படிக்கக் கூடாது மிஸ், அந்தப் பக்கத்துலேருந்து—" "வாயை மூடுல!" ரூமே அதிர்ந்துட்டு. இத்தனை மாசத்துல நான் அவன்கிட்டப் பேசின முதல் வார்த்தை அதுதான். அவன் அப்படியே வாயைப் பொத்திக்கிட்டான், கண்ணு கலங்கிட்டு. மிஸ் அவங்க அப்பா பக்கம் திரும்பி, "பாத்தீங்களா சார், பொண்ணு எவ்வளவு நொந்து போயிருக்கா"ன்னாங்க. அவரு மகன் பொடதியில ஒண்ணு போட்டாரு. கிளாஸ் முன்னாடி மன்னிப்பு கேக்கணும், இனி ஒரு கோடு வரையக் கூடாதுன்னு முடிச்சாங்க மிஸ். முடிச்சுட்டுத் தாளுகளைக் கிழிக்க ஆரம்பிச்சாங்க. வலது ஓரத்துத் தாளு முதல்ல, அப்புறம் அதுக்கு அடுத்தது. முதல் தடவையா ஒருத்தங்க அதைச் சரியான வரிசையில எடுத்தாங்க. நான் பாத்துக்கிட்டே நின்னேன். சிரிக்கிற என் மூஞ்சி ரெண்டாக் கிழிஞ்சு குப்பைக்கூடைக்குள்ள போச்சு.

இப்ப அவன் போர்டுக்கு முன்னாடி நிக்கான், பென்சீன் வளையம் அழியாம அவன் தலைக்குப் பின்னாடி இருக்கு. நான் என் இடத்துல. பெல்லு அடிச்சாச்சு, சார் வாட்சைப் பாக்காரு, எல்லாரும் டிபன் பையை மடியில வச்சுக்கிட்டு வேடிக்கை பாக்காங்க. "மன்னிச்சுருங்க." யாரையும் பாக்காம, தரையைப் பாத்துச் சொல்லுதான். "என்னது, கேக்கல, ஜப்பான்ல இப்படித்தான் கேப்பாங்களா?" செல்வின். சார் வெளியே போயிட்டாரு. "குனிஞ்சு கேளுல, காலைத் தொட்டுக் கேளுல." மேசையைத் தட்டுதாங்க. ஒருத்தன் மூக்கைப் பொத்துனா எல்லாரும் பொத்துற அதே கூட்டம், அதே சத்தம், அன்னைக்கு மாதிரியே. அவன் நகரல. காது செவந்து கெடக்கு. பழி வாங்கணும்னு வந்தவ நானு, வாங்கியாச்சு, முழுசா வாங்கி முடிச்சாச்சு, இதோ எதிர்ல நிக்கி. நான் டப்பாவை மடியில வச்சு மூடியைத் திறக்கேன். நெத்திலிக் குழம்பு வாசம் குப்புன்னு ஏறுது, நல்ல வாசம், அம்மா பூண்டு கூடப் போட்டிருக்கா. மன்னிச்சுக்கம்மா. எந்திரிச்சு நிக்கேன், டப்பாவைத் தலைக்கு மேல தூக்கிக் கவுத்துட்டேன். குழம்பு ஆறிப் போயிருக்கு. ஜடை வழியா, ரிப்பன் வழியா, வெள்ளைச் சட்டை வழியா இறங்குது, புருவத்து வெட்டுல ஒரு நெத்திலி நின்னு வழுக்கி விழுது. சிரிப்புல கூரை பிச்சுக்கிட்டுப் போகுது. "ஏல, கருவாடு குளிச்சிருச்சுடா!" செல்வின் மூக்கைப் பொத்திக்கிட்டு மேசையில உருளுதான். சிரி மக்கா, நல்லாச் சிரி, ஒன்னைய நாளைக்கு வச்சுக்கிடுதேன். மொத்தக் கூட்டமும் அவனை விட்டுட்டு என் பக்கம் திரும்பியாச்சு. நான் கையைத் தூக்கிப் பொடதியில வச்சுக்கிட்டு, பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கேன். அவன் போர்டு பக்கத்துலேருந்து என் கையைப் பாக்கான், சட்டையைப் பாக்கான், மறுபடி கையைப் பாக்கான். அப்புறம் சிரிச்சுட்டான். இமையில தண்ணி இன்னும் காயாமலே சிரிக்கான். வரையத் தெரியாதவன்னு சொன்னேன்ல, அவன் வரைஞ்ச மாதிரி அப்படியேதான் இருக்கு.